கிணற்றுச் சுவரிலிருந்து குட்டைக் கரைக்கு

“ஏம்மணி, கெணத்துச் சந்துல மொளச்சதையெல்லாம் கொண்டுபோயி நட்டாக் காடாயிருமாக்கும்? இத்தனை படிச்சுப்போட்டு இதென்னங்க புத்தி?”

தோட்டத்துக்காரர் இதைக் கேட்டபோது அவருடைய கிணற்று மேட்டில் நின்று நான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். கயிற்றின் நுனியில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதற்குள் ஈரச் சாக்கில் சுற்றிய ஏழு கன்றுகள். நான்கு அரசு, இரண்டு இச்சி, ஒரு அத்தி. கீழே, பாதிக் கிணற்றில், இடுப்பில் கயிற்றோடு கல்லில் காலை ஊன்றி என் அப்பா நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். கிணற்று மேட்டில் பேசுவது கிணற்றுக்குள் இன்னும் சத்தமாகவே கேட்கும்.

“ஆயிருமுங்க,” என்றேன்.

“ஆவுட்டும், ஆவுட்டும். பாக்கறதுக்கு நானிருக்கோணுமே,” என்று சிரித்துவிட்டு அவர் மோட்டார் ரூமுக்குப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னதால் அது என்னுடனேயே தங்கிவிட்டது.

அன்னூருக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். இந்தப் பக்கத்துக் கிணறுகள் அகலமானவை. மேல் பாதி கருங்கல் கட்டு, அதற்குக் கீழே பாறை. மைனாவும் கொண்டைக்குருவியும் எங்கோ பழத்தைத் தின்றுவிட்டுக் கிணற்று விளிம்பில் வந்து உட்காரும். எச்சத்தோடு விழுகிற விதை கல்லிடுக்கில் முளைக்கும். விட்டுவைத்தால் வேர் பருத்துச் சுவரைச் சரித்துவிடும் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவையாவது இறங்கிப் பிடுங்கியாக வேண்டும். ஆனால் அரசும் ஆலும் கோயில் மரங்கள். தன் கையால் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எந்தத் தோட்டத்துக்காரரும் அதைத் தொடமாட்டார். அப்பாவுக்கு ஆள் அனுப்புவார்கள். பாவம் பிடுங்குகிறவனைத்தானே சேரும்.

“அப்ப நமக்கு மட்டும் பாவம் வராதாப்பா?” என்று ஆறாம் வகுப்பில் ஒரு தடவை கேட்டேன்.

“நம்ம ஊட்டுச் சந்துக்குள்ள ஒரு ஆளு நுழையறதே கஷ்டம் சாமி. பாவம் எப்பிடி நுழையும்?” என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா கிணற்று வேலை, அம்மா களை வெட்டு. இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. பேருந்தில் நின்றுகொண்டே மூன்று வருடம் கோயம்புத்தூர் போய்த் தாவரவியல் படித்தேன். மூன்றாம் வருடத்தில் ஒரு நாள், ஆசிரியை அரசு, ஆல், இச்சி எல்லாம் சேர்ந்த அத்திக் குடும்பத்து மரங்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். இவற்றின் விதை ஒரு பறவையின் வயிற்றைக் கடந்து வந்தால் நன்றாக முளைக்கும் என்றார். வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பழுத்திருப்பதால் மற்ற பழங்கள் இல்லாத மாதங்களில் பறவை, வௌவால், மரநாய் எல்லாம் இவற்றை நம்பியே உயிர் பிழைக்கின்றன என்றும் சொன்னார். எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை வைத்துவிட்டேன். தோட்டம் தோட்டமாக, கிணற்று மேடுகளில் அப்பா வீசியெறிந்து காய்ந்து கிடந்த கன்றுக் குவியல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. பறவைகள் போட்டு வைத்திருந்த நாற்றங்காலை நாங்கள் இத்தனை வருடம் வெயிலில் எறிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். “இனிமே எறியாதீங்கப்பா. உசுரோட வேணும்.”

அவர் வேலையே அதனால் மாறிப்போனது. முன்பெல்லாம் உளியை வைத்து ஒரு அடி, வேர் அறுந்து செடி தண்ணீரில் விழும், வேலை முடிந்ததும் அள்ளி மேட்டில் எறிவார். இப்போது கல்லிடுக்கின் காரையைச் சுரண்டி, வேரை விரலால் தளர்த்தி, நூலை ஊசியிலிருந்து உருவுவது போல உருவ வேண்டியிருந்தது. ஒரு கன்றுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மேலே கயிறு பிடிக்கிற ஆள் திட்டுவார் என்று விடுமுறை நாட்களில் நானே கயிறு பிடிக்கப் போனேன். அப்படிப் போன ஒரு நாளில்தான் தோட்டத்துக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கன்றுகள் சேர்ந்துவிட்டன. நடுவதற்குத்தான் எங்களுக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லை. ஊருக்குக் கிழக்கே குட்டைக் கரையையொட்டி ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான புறம்போக்கு கிடந்தது. இலந்தையும் சங்கஞ்செடியும் மண்டி, ஆடு மட்டும் நுழைகிற இடம். மே தினத்துக் கிராம சபையில் அதைக் கேட்கலாம் என்று போனேன். எங்கள் தெருவிலிருந்து கூட்டத்துக்கு நிறையப் பேர் வருவார்கள், ஓரமாக நிற்பார்கள், கையெழுத்து போட்டுவிட்டுப் போவார்கள். மைக்கை அதுவரைக்கும் யாரும் பிடித்ததில்லை. நான் பிடித்தேன். பழமரம், பறவை, குட்டைக் கரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

தோட்டத்துக்காரர் எழுந்தார். “அந்த எடத்துல ஒரு சிமெண்டுக் களம் போட்டா மக்காச்சோளம் காயவைக்க ஊருக்கே ஆகுமுங்க. இப்ப ரோட்டுல காயவெச்சு, பஸ்ஸுக்காரன்கிட்டப் பேச்சு வாங்கிக்கிட்டிருக்கறோம். இந்தம்மணி சொல்றது நல்லதுதானுங்க. குருவிக்குக் களம் வேண்டாம், நமக்கு வேணுமே?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அம்மாவே அந்த ரோட்டில் சோளம் துழாவியிருக்கிறார். பஞ்சாயத்துத் தலைவரம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். “ஒரு வருசம் குடுத்துப் பாக்கலாமுங்க. அடுத்த மே தினத்துக்கு இருவது மரம் உசுரோட நிக்கோணும் கண்ணு. நின்னா எடம் மரத்துக்கு. இல்லீன்னா களத்துக்கு. சரீங்களா?” என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

அடுத்து நடந்தது என் தவறு. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு பெருமையோடு அதைச் செய்திருக்க மாட்டார்கள். கொங்குப் பக்கத்தில் காடு என்றால் பயிர் செய்கிற நிலம், அது சுத்தமாக இருக்க வேண்டும். பயிருக்கு நடுவே ஒரு புல் தெரிந்தால் மானம் போய்விடும். அந்தச் சுத்தத்தை ஊருக்கெல்லாம் செய்து கொடுப்பவர் என் அம்மா. அவர் களை வெட்டிய காடு வீட்டு வாசல் மாதிரி இருக்கும் என்று தோட்டத்துக்காரர்களே சொல்வார்கள். ஆனி மாதம் முழுக்க நானும் அம்மாவும் அந்தக் கரையை வெட்டினோம். இலந்தைப் புதர், சங்கஞ்செடி, கோரை எதையும் விடவில்லை. கையெல்லாம் முள் கீறல். வெட்டி முடித்தபோது அந்த மண் சீப்பு வைத்து வாரியது போல இருந்தது. ஊர் வந்து பார்த்துத் தலையாட்டியது. நான் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

ஒரே ஒரு மூலையில் மட்டும் அம்மா அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். மேற்கு ஓரத்தில் ஒரு புற்று. அதைச் சுற்றி ஒரு பெரிய இலந்தைப் புதர்.

“புத்துகிட்ட அருவா வெக்கப்படாது,” என்றார்.

“அதுல பாம்பு இருந்தா அது பாட்டுக்குப் போயிரும்மா. எடம் அசிங்கமா இருக்குது பாருங்க.”

“நீ படிச்சவ, வெட்டிக்க. நான் மாட்டேன்.”

அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய ஓரியாட்டம். கடைசியில் நானும் வெட்டவில்லை. படித்தவள் என்றாலும் புற்றில் கத்தி வைக்க எனக்கும் கை வரவில்லை. அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஊரே விதைக்கிற ஆடியில் முப்பத்தெட்டுக் கன்றுகளை வரிசை பிசகாமல், தென்னந்தோப்பு நடுவது போல நூல் பிடித்து நட்டேன். அளவு பார்த்ததில் கடைசி மூன்று குழிகள் புற்றுப் புதரை ஒட்டி விழுந்தன. அவற்றையும் நட்டுவைத்தேன். பிறகு காற்று அடித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். கயிற்றில் போட்ட துணி எங்கே போய் விழுகிறது என்று தேடுகிற மாதம் அது. ஆனாலும் கிணற்றுச் சுவரின் நிழலில், ஈரத்தில், காற்றே படாமல் வளர்ந்த கன்றுகளை மறைப்பு இல்லாத வெறும் மண்ணில் அந்தக் காற்றுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். பத்து நாளில் இலைகள் விளிம்பு கருகின. ஆவணியில் குச்சிகள் நின்றன. புரட்டாசியில் குச்சியை ஒடித்தால் ‘டக்’ என்று ஒடிந்தது.

“களத்துக்கு ஒரு வேலை மிச்சமுங்க. புள்ளை எடத்தைச் சுத்தமாப் பண்ணி வெச்சிருக்குது,” என்று தோட்டத்துக்காரர் டீக்கடையில் சொன்னாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

அதற்குள் படிப்பு முடிந்து, கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. செடியைப் படித்துவிட்டு மோட்டாரைத் தட்டிப் பார்க்கப் போகிறாள் என்று அதற்கும் ஒரு சிரிப்பு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செத்த குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு கரைக்குப் போனேன். ஒவ்வொரு வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையில், புற்றுப் பக்கத்தில் கை வைத்தால் குச்சி வரவில்லை. இழுத்தேன். நின்றது. குனிந்து பார்த்தேன். இலந்தை முள்ளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு அத்தி பச்சையாக நின்றிருந்தது. அதற்கு அடுத்த அரசும் அப்படியே. அதற்கடுத்த இச்சியில் புதுக் கொழுந்து வேறு.

முள்ளுக்குக் கிழக்கே நின்ற மூன்று மட்டும் பிழைத்திருந்தன. புதர் காற்றைத் தடுத்திருக்கிறது, நிழல் கொடுத்திருக்கிறது, ஆட்டின் வாயைக் குத்தியிருக்கிறது. அம்மா அரிவாள் வைக்க மறுத்த அந்த ஒரு மூலை, நான் அசிங்கம் என்று முதுகு காட்டி நின்ற மூலை.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் சோற்றை வடித்துக்கொண்டிருந்தார்.

“முள்ளு இருந்ததாலதான் பொழைச்சிருக்குதும்மா. நாம எல்லாத்தையும் வெட்டியிருக்கவே கூடாது.”

“நல்லாருக்குது போ. ஒரு மாசம் எங் கையைக் கிழிச்சது எதுக்கு?” என்றார். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, “மறுக்கா மொளைக்கும். எலந்தையை எத்தனை வெட்டுனாலும் அது சாவாது. நாப்பது வருசமா வெட்டறேன், எனக்குத் தெரியாதா?” என்றார்.

அவர் சொன்னபடியே ஐப்பசி மழையில் வெட்டிய இலந்தைக் கட்டைகளெல்லாம் துளிர்த்தன. இந்தத் தடவை ஒன்றையும் தொடவில்லை. அப்பா வேலையில்லாத நாட்களில் ஏழு கிணறுகளில் இறங்கி இருபத்தாறு கன்றுகள் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் வேலி நிற்கிற வண்டித்தடத்தை எங்கள் பக்கம் இட்டேரி என்போம். அங்கே வேலிக்காரர்கள் கழித்துப் போட்டிருந்த முள்ளையெல்லாம் இழுத்து வந்து, ஒவ்வொரு கன்றுக்கும் மேற்கே குத்தி நிறுத்தினோம். வரிசை இல்லை, நூல் இல்லை. துளிர்த்த கட்டை எங்கே இருக்கிறதோ அதன் கிழக்கே ஒரு குழி. பார்க்கிறவர்களுக்கு அது முன்பு கிடந்ததைவிடக் கேவலமான முள்ளுக்காடாகத் தெரிந்தது. தர ஆய்வில் வேலை செய்கிறவள் நட்ட காடு அப்படி இருந்தது.

மாசியிலிருந்து தினமும் காலையில் கம்பெனிப் பேருந்து வருவதற்கு முன்னால் குட்டைக் கரைக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். அடியில் சிறு துளை போட்ட மண்கலயத்தைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து அதில் ஊற்றிவிட்டால் இரண்டு நாள் தாங்கும். பங்குனி வெயிலில் பன்னிரண்டு கன்றுகள் போய்விட்டன. ஒவ்வொன்று போகும்போதும் விரலை மடக்கினேன்.

மே தினம் வந்தது. கூட்டம் முடிந்ததும் தலைவரம்மா, தோட்டத்துக்காரர், பின்னால் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் கரைக்கு வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் குழாயடியில் நின்றுகொண்டார்கள்.

“இதென்னங்க, முள்ளுக்குள்ள மரம் எங்க இருக்குது?” என்றார் தோட்டத்துக்காரர்.

நான் குச்சியால் முள்ளை விலக்கினேன். உள்ளே இடுப்பளவு அத்தி. அடுத்ததை விலக்கினேன், முழங்கால் அளவு அரசு. அவரே எண்ணினார். சத்தமாக, ஒவ்வொன்றாக, ஏலம் விடுவது போல. பதினேழில் நின்றது. முதலில் பிழைத்த மூன்றும் பிறகு பிழைத்த பதினாலும். அது எனக்கு முந்தின நாளே தெரியும். ராத்திரி தூக்கமே வரவில்லை.

“பதினேழு. இருவது சொன்னதுங்க,” என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. “பரவால்ல அம்மணி, நல்லாத்தான் பண்ணியிருக்கறே. ஆனா சொன்னது சொன்னதுதானுங்களே.”

தலைவரம்மா என்னைப் பார்த்தார். தோட்டத்துக்காரர் கிளம்பத் திரும்பியவர், புற்றுப் புதருக்கு அடியில் எதையோ பார்த்து நின்றார். குனிந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முட்டிபோட்டு, முள்ளுக்குள் கையை விட்டார்.

“இது நாவலுங்களே. இதை நீ நட்டியா?”

“இல்லீங்க.” எனக்கு அது தெரியவே தெரியாது. என் கன்றுகளை மட்டும் பார்த்துப் பார்த்து மற்றதைப் பார்க்கவே இல்லை.

“இந்தச் சுத்துவட்டாரத்துல நாவல மரம் எந்தோட்டத்துல மட்டுந்தான இருக்குது?” அவர் இன்னொரு இலையைத் திருப்பிப் பார்த்தார். “இங்கொண்ணு. அங்க ரெண்டு. இதெப்பிடி இங்க வந்துச்சு?”

“குருவி கொண்டு வந்திருக்குமுங்க. போன ஆடியில உங்க மரத்துப் பழத்தைத் தின்னுபோட்டு இந்த முள்ளுல வந்து உக்காந்திருக்கும். வௌவாலாவும் இருக்கலாமுங்க.”

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். முகம் மாறியிருந்தது. அவர் தோட்டத்து நாவல் மரத்தை வைத்தது அவருடைய அப்பா என்று ஊருக்கே தெரியும். அவர் தலைவரம்மாவிடம் திரும்பி, “எம்பட நாவலு நாலு இருக்குதுங்க. அதையும் சேத்துக்கோங்க. இருவத்தியொண்ணு!” என்றார்.

“நட்டதை மட்டுந்தானுங்க எண்ணோணும்?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“உசுரோட நிக்கோணும்னுதான சொன்னீங்க. யாரு நட்டதுன்னு கேட்டீங்களா? நிக்குதா இல்லியா, பாத்துக்க!” என்று அவர்மேல் பாய்ந்தார் தோட்டத்துக்காரர். தலைவரம்மா சிரித்தார். அப்படித்தான் தீர்மானம் எழுதப்பட்டது. அந்தத் தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லி அம்மா என்னிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் படித்தேன்.

களம் பிறகு பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே கிடைத்த இடத்தில் வந்தது. இப்போது யாரும் ரோட்டில் சோளம் காயவைப்பதில்லை.

அது நடந்து ஐந்து வருடமாகிறது. போன தையில் அந்த முதல் அத்தி அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பழுத்த நாளிலிருந்து காலையில் அந்த மரத்துக்கடியில் நின்று பேச முடியாது, அவ்வளவு சத்தம். குக்குறுவான் என்கிற குருவி செம்பு தட்டுவது போல விடாமல் கத்தும். நாங்கள் ஊரில் பார்த்தேயிராத பச்சைப்புறாக் கூட்டம் ஒன்று வந்து, இலையோடு இலையாக உட்கார்ந்து, அசைந்த பிறகுதான் புறா என்று காட்டிக்கொண்டது. குட்டை மதகின் கல்லில் மரநாயின் எச்சம் கிடக்கும், அத்தனையும் விதை. அப்பா ஒரு நாள் மரத்தடியில் வெகுநேரம் அண்ணாந்து நின்றார். பிறகு, “எத்தனையப் புடுங்கியிருப்பேன்,” என்றார். “எத்தனைய நட்டிருக்கீங்க பாருங்கப்பா,” என்றேன். தோட்டத்துக்காரர் இப்போது வெளியூர் விருந்தாளிகளைக் கரைக்குக் கூட்டிவருகிறார். காட்டைக் காட்டும்போது நாவலிலிருந்துதான் தொடங்குவார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்களுடைய குட்டைக் கரைக்கும் இப்படி ஒரு காடு கேட்டார்கள். எழுத்து மூலம் அனுமதி வாங்கி, என் பெயரில் கையெழுத்து போட்டேன். போன சனிக்கிழமை கம்பெனியில் விடுப்பு சொல்லிவிட்டு, ஸ்கூட்டியின் முன்னால் கன்றுகளை வைத்துக்கொண்டு போனால், கரையில் ஒரு பொக்லைன் வண்டி நின்றது.

“ஏனுங்க, எடத்தைச் சுத்தம் பண்ணிக் குடுக்கச் சொன்னாங்க. முள்ளெல்லாம் வழிச்சு எறிஞ்சரலாமுங்களா?” என்றார் ஓட்டுநர்.

“வேண்டாமுங்க. ஒரு முள்ளையும் தொடாதீங்க.”

“அப்பறம் என்னத்துக்குங்க வண்டி?”

“அதைத்தானுங்க நானும் சொல்றேன். திருப்பிக் கொண்டு போயிருங்க.”

அவர் என்னையும் அந்த முள்ளுக்காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “படிச்சவங்களாட்டத்தான் தெரியறீங்க,” என்று முனகிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அது இட்டேரியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நல்ல இலந்தையாகத் தேர்ந்தெடுத்து, அதன் கிழக்கே குழி தோண்டி, தோட்டத்துக்காரர் கிணற்றிலிருந்து அப்பா உருவித் தந்த அத்தியை முதலாவதாக நட்டேன்.